கை அளவு இறுக்கம்

ஜூன் 8, ஞாயிறு

விடியற்காலையில் மறுபடியும் அதே கனவு. சின்னக்கொம்பை எஸ்டேட் சாலையில் செவலை ஏறிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் சத்தம் துளியும் இல்லை. இரண்டு பக்கமும் தேயிலை, மேலே பனி, அதற்குள்ளிருந்து வளைவுகள் ஒவ்வொன்றாக வந்து வழிவிட்டுப் போகின்றன. குனிந்து ஸ்டியரிங்கைப் பார்க்கிறேன். அதன்மேல் என் கைகள் இல்லை. வண்டி அதுபாட்டுக்குத் திரும்புகிறது. பயமே இல்லை, சுகமாக இருந்தது.

கண் விழித்தால் கலா என் வலது கையைப் பிடித்து உருவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"தூக்கத்துல கையை ஒதறிட்டே இருந்தீங்க."

"கனவுல ஓட்டிட்டிருந்தேன்."

"வேகமாவா?"

"சத்தமே இல்லாம."

சிரித்தாள். ஆனால் கையை விடவில்லை.

சீசனுக்கு ஒரு நாட்குறிப்பு எழுதுவது என் வழக்கம். புது நோட்டு என்பதால் ஒழுங்காக ஆரம்பிக்கிறேன். நான் தனபால். கோயமுத்தூர் கணபதியில் பம்பு உதிரிபாகக் கடையும் லேத் பட்டறையும் வைத்திருக்கிறேன். அது வயிற்றுக்கு. மனசுக்கு செவலை இருக்கிறது. சின்னச் சிவப்புக் கார், முன்சக்கரங்கள் இழுக்கும் வகை. நிறத்தைப் பார்த்து என் மாமனார் மாட்டுக்கு வைக்கிற பேரை வைத்துவிட்டுப் போனார். கலாமணி என் மனைவி. நூல் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒரு நூல் எவ்வளவு இழுத்தால் அறும் என்று பார்த்துச் சொல்வது அவள் உத்தியோகம். கார் ராலிப் பந்தயத்தில் என் இடது பக்கம் உட்கார்ந்து, அடுத்து வரும் வளைவு எப்படிப்பட்டது என்று குறிப்பைப் பார்த்துச் சத்தமாகப் படிப்பவளும் அவள்தான். பதினோரு வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது.

இந்த வருஷம் மூன்று சுற்று. முதலாவது பந்தயத் தளத்தில், மழமழவென்ற தார். இரண்டாவது செம்மண் காட்டுப்பாதை. மூன்றாவது சின்னக்கொம்பை மலை, வரிசையாகக் கொண்டைஊசி வளைவுகள். மூன்றுக்கும் சேர்த்து, சக்கரங்களுக்குப் பலத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஃப்ரன்ஷியல் ஒன்றுதான் பூட்ட வேண்டுமாம். முதல் சுற்றுக்கு முன்பே முத்திரை வைத்துவிடுவார்கள், நடுவில் மாற்ற முடியாது. புது விதி. எவன் மூளையில் உதித்ததோ தெரியவில்லை.

ஜூன் 11, புதன்

போத்தனூரில் ஜெரால்டின் ஷெட்டுக்குப் போயிருந்தேன். ரயில் பாதையை ஒட்டிய ஷெட். ஜெரால்டு என் வயதுக்காரன், ஒரு காலத்தில் என்னோடு போட்டியில் ஓட்டியவன். இப்போது மற்றவர்கள் வண்டியைச் சீர்செய்து கொடுக்கிறான்.

எழுதிப் பார்த்தால் எனக்கும் தெளியும் என்பதால் எழுதுகிறேன். வளைவில் உள்சக்கரம் குறைந்த தூரம் ஓட வேண்டும், வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். இரண்டையும் அதனதன் போக்கில் ஓடவிடுவது டிஃப்ரன்ஷியல். அதுவரை நல்ல பிள்ளைதான். வேகமாகத் திரும்பும்போது உள்சக்கரம் தரையைவிட்டு லேசாகத் தூக்கிக்கொள்ளும். அப்போது இந்த நல்ல பிள்ளை எஞ்சின் பலம் முழுவதையும் அந்தத் தூக்கிய சக்கரத்துக்கே வாரிக் கொடுத்துவிடும். அது காற்றில் சுற்றும், வண்டி நகராது. அந்த வழுக்கலுக்குக் கடிவாளம் போட்ட டிஃப்ரன்ஷியலை எல்.எஸ்.டி. என்போம். அதில் பல வகை. எதைப் போடுவது என்பதுதான் இப்போது என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஜெரால்டு மேசையில் இரண்டை எடுத்து வைத்தான்.

"இது பிளேட்டு வகை. உள்ள தட்டுத் தட்டா அடுக்கி இறுக்கியிருக்கு. ரெண்டு சக்கரத்தையும் ஒட்டுக்கா கட்டிப்போடும். செம்மண்ணுக்கும் மலைக்கும் இதான் ராசா. ஒரு சக்கரம் அந்தரத்துல நின்னாலும் இன்னொண்ணு இழுத்துட்டுப் போயிரும். ஆனா ஸ்டியரிங்கப் புடுங்கும். இது கியர் வகை. முரட்டுத்தனமே இல்ல. பந்தயத் தளத்துக்கு அம்சமா இருக்கும். ஒண்ணு, சக்கரம் தரையில இருக்கற வரைக்கும்தான் சமத்து. தூக்கிருச்சின்னா கையை விரிச்சிரும்."

"இந்த வண்டியச் சறுக்கவிட்டு ட்ரிஃப்ட் ஓட்டறவங்கெல்லாம் என்னத்தப் போடறாங்க?"

"அவனுகளுக்குப் பின்சக்கரம்தான இழுக்குது. முடுக்குனாலும் கட்டோணும், காலை எடுத்தாலும் கட்டோணும். அதுக்கு டூ-வே. உனக்கு அதப் போட்டன்னா வண்டி வளைவுல நேராப் போயி மரத்தக் கும்புடும். முடுக்கும்போது மட்டும் கட்டற ஒன்-வே போதும் உனக்கு."

"அப்ப பிளேட்டு ஒன்-வே."

அவன் என் டீ தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதை நான் இடது கையில் பிடித்திருந்தேன்.

"வண்டிக்கு எதுன்னு நான் சொல்லீருவேன்டா. ஓட்டறவனுக்கு எதுன்னு நீதான் சொல்லோணும். கியர்ன்னா உன்ற கைக்கு இதமா இருக்கும்."

என் கைக்கு என்ன வந்தது? காலையில் அதன்மேல் படுத்துவிட்டேன், மரத்திருந்தது, அவ்வளவுதான். எரிச்சலோடு வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு கூத்து நடக்கும். நான் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். கையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு, அதுதான் ஸ்டியரிங். கலா இடது பக்கம் உட்கார்ந்து போன வருஷத்து மலைக் குறிப்பைப் படிப்பாள். ஒன்று என்றால் கொண்டைஊசி, ஆறு என்றால் கிட்டத்தட்ட நேர்ச்சாலை, எண் கூடினால் வேகமும் கூட்டலாம். இடையில் உள்ளதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் புரிந்த பாஷை.

இன்று பாலக்காட்டுக் காற்று வேப்பமரத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. கண்ணை மூடியதும் அந்தச் சத்தம் எஞ்சினாக மாறிவிட்டது. கலாவின் குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. இடது ரெண்டு, நீளம். பாலம். வலது ஒண்ணு. தேயிலை வாசம் வந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் வந்தது. மேலே போகப்போக உடம்பு லேசாகி, சோபா, கூரை, தெரு எல்லாம் கீழே நின்றுவிட்டன.

"வலது மூணு, இறுகும்" என்றாள். போகப்போக இன்னும் ஒடுங்கும் வளைவு என்று அர்த்தம்.

"மூணு இல்ல, நாலு" என்றேன் கண்ணைத் திறக்காமலே. ஏழாவது கொண்டைஊசிக்கு அடுத்த வளைவு அது. பதினோரு வருஷமாக நாலுதான்.

"பனி இருந்தா மூணுதானுங்க."

"பனி எங்க இருக்குது?"

"எனக்குத் தெரியுது."

சிரித்துக்கொண்டே தட்டை ஒடித்துத் திருப்பினேன். அது வலது கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து பெரிய சத்தத்தோடு உருண்டது. எண்ணெய்ப் பிசுக்கு. இப்படியா தட்டுக் கழுவுவது என்று கலாவைக் கடிந்துகொண்டேன். அவள் அதை எடுத்து வைத்தாள். தட்டைக் கழுவியது நான்தான் என்று சாயங்காலம் ஞாபகம் வந்தது.

ஜூன் 19, வியாழன்

பேனா சரியில்லை. எழுத்து கோணலாக விழுகிறது. கொஞ்சம் தடிமனான பேனாவாக வாங்க வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

பிளேட் வகையே என்று முடிவு செய்து பூட்டச் சொல்லிவிட்டேன். கியர் வகை என்பது சாலையில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போகிறவர்களுக்கு.

அதன் உள் இறுக்கத்தை எல்லோரும் முறுக்கு அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து அளப்பார்கள். என் வழி வேறு. ஒரு முன்சக்கரம் தரையில் இருக்கும், மற்றதை ஜாக்கி வைத்துத் தூக்குவேன். கியர் நியூட்ரல். தூக்கிய சக்கரத்தை வலது கையால் மட்டும் பிடித்துத் தள்ளுவேன். முதலில் அசையாது. பிறகு ஒரு கட்டத்தில், உறைந்த நெய்யில் கரண்டி இறங்குவதுபோல மெதுவாக நகரும். அந்தக் கட்டம் சரியாக எங்கே இருக்க வேண்டும் என்று என் உள்ளங்கைக்குத் தெரியும். ஜெரால்டு ஒருமுறை ரெஞ்ச் வைத்துச் சரிபார்த்து வாயைப் பிளந்தான். அன்றிலிருந்து ஷெட்டில் அதற்குப் பேரே தனபால் இறுக்கம். வேறு ஆட்கள் வண்டிக்குக்கூட அவன் அதையே வைத்துக் கொடுக்கிறான். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

இன்று தள்ளினேன். அசையவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி தள்ளினேன். சக்கரம் சுவர்மாதிரி நின்றது.

"ரொம்ப இறுக்கிட்டே ஜெரால்டு. தட்ட நெருக்கற வாசர் ஒண்ண எடுத்துரு, தளரும்."

"போன வருசத்து அளவேதான்டா இது."

"பிளேட்டு புதுசு. அதான்."

"ரெஞ்ச் வெச்சு ஒருக்கா பாத்துரலாமா?"

"என் கையை விடவா உன்ற ரெஞ்ச்?"

அவன் ரெஞ்சைப் பெட்டியில் திரும்ப வைத்தான். பிறகு கியர்பாக்ஸை இறக்க ஆரம்பித்தான். அரை நாள் வேலை. பாவம், முகம் சுளிக்காமல் செய்தான்.

ஜூன் 24, செவ்வாய்

ஒரு வாசர் எடுத்தும் போதவில்லை. இன்னொன்றும் எடுக்கச் சொன்னேன். இப்போது சரி. தள்ளியதும் அதே பழைய இடத்தில் நகர்ந்தது. தனபால் இறுக்கம் என்றேன். ஜெரால்டு கருவிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தான். டீ வந்தபோது தம்ளரைக் கொண்டுவந்து என் இடது கைப் பக்கமாக வைத்தான்.

சந்தோஷமாக இருக்கிறது. வரும் வழியெல்லாம் ஆகஸ்ட் மாதத்து மலையை நினைத்துக்கொண்டே ஓட்டினேன், சிங்காநல்லூர் எப்போது வந்தது என்றே தெரியவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன்.

எஸ்டேட் மேலாளர் காலையில் எங்கள் ஒத்திகை ஓட்டத்துக்காகச் சாலையை மூடிக் கொடுத்தார். நல்ல பனி. செவலைக்கு முன்னால் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை, கலாவின் குரல் மட்டும்தான் சாலை. அது சொல்லச் சொல்ல வளைவுகள் அந்த இடத்தில் முளைத்தன. என் கனவு அப்படியே நடப்பதுபோல இருந்தது, சத்தம் மட்டும் கூடுதல். ஆறு கொண்டைஊசிகள் அப்படிப் போயின.

ஏழாவது, வலது கொண்டைஊசி. உள்சக்கரம் தூக்கியது. தூக்கிய சக்கரம் கட்டுண்டு மற்றது இழுக்க வேண்டிய இடம் அது. இழுக்கவில்லை. காற்றில் வீணாகச் சுற்றியது. முடுக்கினேன். கியரைக் குறைக்க இடது கையை எடுத்தேன், ஸ்டியரிங்கில் வலது கை மட்டும். அந்த நேரம் பார்த்துச் சக்கரம் தரையைத் தொட்டது. பிளேட்டுகள் ஒரேயடியாகப் பிடித்தன. ஸ்டியரிங் என் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. பிடித்திருந்தேன், சத்தியமாகப் பிடித்திருந்தேன். ஆனால் அது போய்விட்டது.

வண்டி இடது பக்கமாக ஓடிச் சாலையோரத்துக் கடைசிக் கல்லில் இடித்து நின்றது. கலா தன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். கீழே தரை இல்லை. பனிதான் இருந்தது, அதற்குக் கீழே எங்கேயோ தேயிலைச் சரிவு. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு என் பக்கமாக ஏறி இறங்கினாள்.

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வண்டியைப் பின்னால் எடுத்துச் சமதரையில் நிறுத்தியதும் "ஜாக்கி எடுங்க" என்றாள். ஒரு முன்சக்கரத்தைத் தூக்க வைத்தாள். தன் ஒற்றைக் கையை வைத்துத் தள்ளினாள். சக்கரம் பீரோக் கதவு மாதிரி நகர்ந்தது.

"இவ்வளவு லேசா இருக்குதுங்களே. போன வருசம் நான் ரெண்டு கையும் போட்டாக்கூட இது அசையாது. எத்தன தடவ தள்ளிப் பாத்திருக்கறேன்."

நான் என் கையை வைத்துத் தள்ளினேன். எனக்கு அது சரியாக இருந்தது. சரியான இடத்தில், சரியான இறுக்கத்தோடு நகர்ந்தது.

"என்ற கையப் புடிங்க" என்றாள். பிடித்தேன். "இறுக்கிப் புடிங்க." இறுக்கினேன். "இன்னும்."

"இவ்வளவுதான் கலா."

பனி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து போனது. அவள் என் சுண்டு விரலையும் மோதிர விரலையும் தனியாகப் பிரித்துத் தடவினாள். அவள் தொடுவது எனக்குத் தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"நூலுகூட அறுந்துபோறதுக்கு முன்னால கொஞ்சம் நீளுமுங்க. பாத்துட்டே இருந்தா தெரிஞ்சிரும். நான் மார்கழில இருந்து பாத்துட்டிருக்கறேன். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"அதனாலதான் நாலை மூணுன்னு படிச்சியா?"

"ஆமாங்."

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை. அவள் அந்தக் கதவைத் திறந்ததுதான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

ஜூலை 2, புதன்

டாக்டரிடம் போனோம். முழங்கையில் நரம்பு சிக்கி நசுங்கியிருக்கிறதாம். லேத் மேசையில் முழங்கையை ஊன்றியே காலத்தை ஓட்டியிருப்பீர்கள் என்றார். ஆபரேஷன் செய்து விடுவித்தால் மேலும் மோசமாகாது. போன பலம் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது. ஆகஸ்ட் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார். கார் ஓட்டலாமா என்று கேட்டேன். கடைக்குப் போய்வரும் அளவுக்கு ஓட்டலாம் என்றார்.

ஜூலை 6, ஞாயிறு

நாள் பூராவும் தூறல். சோபாவில் படுத்து, கண்ணை மூடி, இரண்டு டிஃப்ரன்ஷியலையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன்.

கியர் வகை போட்டால் பந்தயத் தளம் பட்டுமாதிரி போகும். ஸ்டியரிங் பிடுங்காது, மூன்று விரலால் ஓட்டிவிடலாம். செம்மண்ணில் கொஞ்சம் தடுமாறும். மலையில் ஏழாவது கொண்டைஊசியில் உள்சக்கரம் தூக்கும், வண்டி சோர்ந்து நிற்கும், பின்னால் வருகிறவன் நேரத்தில் தாண்டிவிடுவான். பரவாயில்லை. ஓட்டுவது நானாக இருப்பேன். பிளேட் வகையை முழு இறுக்கத்தோடு போட்டால் மூன்றிலும் இழுக்கும், மலையில் பறக்கும். ஆனால் அதை என்னால் பிடிக்க முடியாது. எப்படிப் புரண்டு படுத்தாலும் இதுதான் வந்தது.

கலா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கியர் வகை போட்டுக்கலாம்னு இருக்கறேன்" என்றேன்.

"போடுங்க. நான் படிக்கறேன்."

"பயமில்லையா உனக்கு?"

"இருக்குது. இருந்தாலும் படிப்பேன்."

மடித்த சட்டையை மறுபடி பிரித்து மடித்தாள். எனக்கு ஏன் அந்தக் கேள்வி வந்ததோ தெரியவில்லை. "உனக்கு ஓட்ட ஆசையா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆசையில்லன்னு சொன்னா பொய்யுங்க. பதினோரு வருசமா அந்தப் பக்கம் உக்காந்து இல்லாத பிரேக்க மிதிச்சிட்டிருக்கறேன். அதுலயும் சில வளைவுல, நானா இருந்தா இன்னுங் கொஞ்சம் விட்டிருப்பேனேன்னு தோணும்."

எனக்குக் கோபம் வந்தது. எந்த வளைவு என்று கேட்டேன். ஏழாவது, அதற்கு அடுத்தது, பாலம் தாண்டி வரும் இடது என்று யோசிக்காமல் சொன்னாள். மூன்றும் சரி. அதனால் கோபம் இன்னும் அதிகமானது. எழுந்து வாசலுக்குப் போய் செவலையில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். மழை கண்ணாடியில் வழிந்தது. வெளியே தெரு தண்ணீருக்குள் மிதப்பதுபோலத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, எதற்கும் இருக்கட்டும் என்று, இடது சீட்டுக்கு மாறி உட்கார்ந்து பார்த்தேன். தரையில் அவள் கால் மிதித்து மிதித்துப் பாய் ஒரு இடத்தில் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. பதினோரு வருஷத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மழை இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஜூலை 9, புதன்

கலாவையும் கூட்டிக்கொண்டு போத்தனூர் போனேன். ஜெரால்டு கியர் வகையைத் துடைத்துத் தயாராக மேசைமேல் வைத்திருந்தான்.

"அத உள்ள எடுத்து வையி" என்றேன். "பிளேட்டேதான். எடுத்த வாசர் ரெண்டையும் திரும்பப் போட்டுரு."

"டேய், உன்னால..."

"இறுக்கத்த என்ற கையில பாக்க வேண்டாம். ரெஞ்சும் வேண்டாம். கலா கையில பாரு."

ஜெரால்டு அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். துணியால் கையைத் துடைத்துத் துடைத்து, துடைக்க ஒன்றும் இல்லாத பிறகும் துடைத்துக்கொண்டே நின்றான்.

போட்டி உரிமம் எங்கள் இரண்டு பேருக்கும் உண்டு. விண்ணப்பத்தில் பெயர்களை இடம் மாற்றினால் போதும்.

மத்தியானத்துக்குமேல் சக்கரத்தைத் தூக்கினார்கள். கலா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கை வைத்துத் தள்ளினாள். அசையவில்லை. இரண்டு கையையும் போட்டாள், தோளைக் கொடுத்தாள், கடைசியில் நகர்ந்தது.

"இது எனக்கு ஜாஸ்தி. ஒரு வாசர் எடுத்துருங்கண்ணா" என்றாள். ஒன்றை எடுத்தான். மறுபடி தள்ளினாள், கண்ணை மூடிக்கொண்டாள். சக்கரம் நகர்ந்த கணத்தில் அவள் முகத்தில் ஏதோ வந்து போனது. "இதான்" என்றாள்.

"கலாமணி இறுக்கம்" என்றான் ஜெரால்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. பொறாமைதான். வேறு பேர் வைத்து என்ன ஆகப்போகிறது?

ஜூலை 13, ஞாயிறு

இன்று தட்டு கலா கையில். குறிப்பு என் கையில். அவள் கண்ணை மூடினாள், நான் படித்தேன். நடுவில் இரண்டு இடத்தில் வரி தவறிவிட்டேன். "எங்க போனீங்க?" என்றாள் கண்ணைத் திறக்காமல். உண்மையில் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். படிப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. ஓட்டுகிறவனுக்கு இந்த வளைவு போதும். படிக்கிறவள் எப்போதும் அடுத்த வளைவில் இருக்க வேண்டியிருக்கிறது.

குறிப்பை இடது கையால் புதிதாக எழுதிப் பழகுகிறேன். இதையும் இடது கையால்தான் எழுதுகிறேன். முதல் வகுப்புப் பிள்ளை எழுதினதுபோல இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

முத்திரை வைத்தாயிற்று, முதல் சுற்றும் ஆயிற்று. ஐந்தாவது இடம். வழுவழுப்பான தாரில் பிளேட் வகை அவள் கையைப் பாடாய்ப்படுத்தியது. கியர் வகை போட்டவர்கள் நோகாமல் சுற்றினார்கள். இறங்கியபோது இரண்டு மணிக்கட்டும் வீங்கியிருந்தன. ராத்திரி வரை காத்திருக்காமல் அங்கேயே ஐஸ் வைத்து உருவிவிட்டேன், இடது கையால்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

செம்மண். மூன்றாவது இடம். எனக்குப் பல்லிடுக்கில்கூட மண்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மலைச் சுற்றில் கலா இரண்டாவதாக வந்தாள். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக.

கீழே கொடி அசைத்தபோது வெயில் இருந்தது. நாலாவது கொண்டைஊசியில் பனி தொட்டது. ஆறாவதில் முழுக்க மூடிக்கொண்டது. பெரிய வெள்ளை உறைக்குள் நாங்கள் இரண்டு பேர், எஞ்சின் சத்தம், என் குரல். அதற்குப் பிறகு எஞ்சின் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. தேயிலை வாசம் வந்தது. வளைவுகள் ஒவ்வொன்றாக வந்து வழிவிட்டன. குனிந்து பார்த்தேன். ஸ்டியரிங்கில் என் கைகள் இல்லை. பயமே இல்லை, சுகமாக இருந்தது.

ஏழாவது கொண்டைஊசி. அவள் உள்ளே திருப்பினாள், உள்சக்கரம் தூக்கியது. எனக்கு அந்தக் கல் தெரிந்தது, இந்த முறை என் பக்கத்தில். இல்லாத பிரேக்கை மிதித்தேன், பாயில் அந்த ஓட்டை இருந்த அதே இடத்தில். பிளேட்டுகள் பிடித்தன. ஸ்டியரிங் பிடுங்கியது, அவள் முழங்கை வரை அது ஓடியதைப் பார்த்தேன். அவள் கியரை மாற்றிக்கொண்டிருந்தாள், ஸ்டியரிங்கில் வலது கை மட்டும். அந்தக் கை விடவில்லை. இரண்டு சக்கரமும் சேர்ந்து இழுக்க, செவலை கல்லைத் தாண்டி மேலே ஏறியது. என் மடியில் கிடந்த என் வலது கையும் அவள் கையோடு சேர்ந்து திரும்பியிருந்தது.

"அடுத்தது!" என்று கத்தினாள். "ஏனுங்க, அடுத்தது!"

குறிப்பில் வரி தவறியிருந்தது. தேடவில்லை. கண்ணை மூடினேன்.

அந்த வளைவு எனக்குத் தெரியும். எனக்காக அவள் மூன்று என்று படித்த வளைவு. பனி கல்லில் இடித்த அன்றைவிட அடர்த்தியாக இருந்தது. மூன்று என்று சொன்னால் பத்திரம், யாரும் குறை சொல்லப்போவதில்லை, நாங்கள் இரண்டு பேரும் ஒழுங்காக வீடு போய்ச் சேருவோம்.

"வலது நாலு, இறுகும்" என்றேன். "பனி இருக்குது. இருந்தாலும் நாலு. போ கலா."

போனாள்.